குடியை நிறுத்தியாச்சு, மனசு மட்டும் ஏன் தேறவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இது: வார்டில் சேர்ந்து குடியை நிறுத்தி 72 நாள் ஆகிறது, கை நடுக்கம் போய்விட்டது, பசி எடுக்கிறது, முகத்தில் களை வந்துவிட்டதாக எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் மனசு மட்டும் தேறவில்லை. தூக்கம் அரைகுறை, எதிலும் பிடிப்பில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். போன வாரம் குழம்பில் உப்பு கூடிப்போனதற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறீர்கள், மனைவி, "இதுக்கு நீங்க குடிச்சுட்டு வந்தப்பவே தேவலை" என்று சொல்லிவிட்டார். இனிமேல் இப்படித்தானா, இதைச் சரி செய்ய வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

இப்படியே இருந்துவிடாது. ஆனால் 72 நாளில் முடிகிற விஷயமும் இல்லை. நான் 14 வருஷம் குடித்தவன், 2011-ல் குடிநோய் வார்டில் கிடந்தவன், இப்போது மதுரைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை மருந்து பற்றி நான் சொல்வதை உங்கள் மனநல மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கத்து ஆட்கள் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால் மறுபக்கம் என்ன ஆகும்? மொத்தமாக மல்லாந்து விழுவார்கள். சாராயம் மூளையை அமுக்குகிற சாமான். காபா என்கிற அமைதிப்படுத்தும் ரசாயனத்தைத் தூண்டிவிடும், குளுட்டமேட் என்கிற பரபரப்பு ரசாயனத்தை அடக்கும். வருஷக்கணக்கில் தினமும் இது நடந்தால் மூளை சும்மா இருக்காது, எதிர்ப்பக்கம் இழுக்கப் பழகிக்கொள்ளும். நீங்கள் குடியை விட்டதும் கயிற்றின் ஒரு முனை காலியாகிவிட்டது, மறுமுனை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. முதல் சில நாளில் வரும் நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, பிதற்றல் எல்லாம் அதன் உச்சம். (அதனால்தான் தினமும் நிறையக் குடிப்பவர்கள் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து, உயிரே போகலாம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் இதைப் படிக்கிற வேறு யாராவது இருப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.) அந்த உச்சம் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். அடியில் தங்கியிருக்கும் மிச்சம், அதாவது இந்த எரிச்சல், தூக்கமின்மை, சத்தம் கேட்டால் திடுக்கிடுவது, எதிலும் சுவையில்லாமல் இருப்பது, இதெல்லாம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் கரையும். ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். நேராகவும் இறங்காது. நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் காரணமே இல்லாமல் கவிழும்.

என்னைக் கேட்டால், உங்கள் மனைவி சொன்னதில் பாதி உண்மை என்று சொல்வேன். குடிக்கிறபோது உங்கள் கோபத்துக்கு ஒரு பெயர் இருந்தது, "போதையில பேசுறாரு" என்று அவரும் தள்ளிவிட்டார். இப்போது அதே கோபம் பெயரில்லாமல் வருகிறது. அவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் மையத்துக்கு வந்த ஒரு பெண் சொன்னார், புருஷன் குடியை விட்டு எட்டு மாதம் ஆகியும், சாயங்காலம் வாசலில் பைக் ஸ்டாண்டைப் போடும் சத்தத்தைத்தான் இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறாராம். ஒரே தட்டில் ஸ்டாண்டு விழுந்தால் நிதானமாக வந்திருக்கிறார், இரண்டு மூன்று தடவை காலால் தேடினால் குடித்துவிட்டு வந்திருக்கிறார். பத்து வருஷமாக அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்க வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்திருக்கிறார். எட்டு மாதமாக ஸ்டாண்டு ஒரே தட்டில்தான் விழுகிறது, ஆனாலும் அவர் கை அடுப்படியில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மறுபடி வேலை பார்க்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஏதோ ஒன்று இருக்கும். நீங்கள் 72 நாளை எண்ணி "நான்தான் விட்டுட்டேனே, இன்னும் என்ன?" என்று எதிர்பார்க்கிறீர்கள். அவர் உடம்பு அதற்கு முந்தைய வருஷங்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. நம்பிக்கை வையுங்கள் என்று கேட்காதீர்கள், கேட்டுக் கிடைப்பதில்லை அது. சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வாருங்கள், தாமதமானால் போன் செய்யுங்கள், சம்பளத்தை எங்கே வைப்பது என்பதை அவர் கையில் விடுங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்துக்கென்றே ஆல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, அவர் விரும்பினால் போகட்டும், கட்டாயப்படுத்த வேண்டாம்.

சரி, இப்போது சாயங்காலத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

காலையில் யாருக்கும் அவ்வளவாகக் கஷ்டம் இல்லை. வேலை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்தரை மணி ஆனதும் உள்ளே ஏதோ கிளம்பும். நான் அப்போது லேத் பட்டறையில் இருந்தேன், மெஷினை அணைத்துக் கையில் மண்ணெண்ணெய் தடவி கிரீசைத் துடைப்பேன், அந்த மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் நாக்கு தானாக ஊறும். ஏனென்றால் 14 வருஷமாக அந்த வாசனைக்கு அடுத்தது கடைதான். எனக்கு முதலில் இது புரியவே இல்லை, மனசு பலவீனம் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வார்டில் இருந்த ஒரு நர்ஸ் அக்கா சொல்லித்தான் மண்ணெண்ணெயை விட்டுவிட்டு சோப்புத்தூளும் மரத்தூளும் வைத்துக் கை கழுவ ஆரம்பித்தேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் பாதி இழுப்பு குறைந்தது. இன்னொரு எதிரி வேகவைத்த மூக்குக்கடலை. பாரில் தட்டில் வைப்பார்களே, அதனால் இரண்டு வருஷம் கோயில் சுண்டல்கூட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வருவேன். உங்களுக்கு என்னென்ன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்தத் தெரு, எந்த ஆள், எந்த நாள், எந்த வாசனை. சம்பள நாள் கட்டாயம் அதில் இருக்கும்.

பசியும் சேர்ந்துகொள்ளும். மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டவருக்கு ஆறு மணிக்கு வயிறு காலி, அந்தப் பசியை உங்கள் மூளை பசி என்று படிக்காது, சரக்கு வேண்டும் என்றுதான் படிக்கும், அவ்வளவு காலம் அப்படித்தானே பழக்கியிருக்கிறோம். ஐந்து மணிக்கே வயிற்றில் ஏதாவது போடுங்கள், இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பருத்திப்பால், அவித்த பனங்கிழங்கு, எதுவானாலும். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற அமைப்பு) கூட்டங்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நான்கைச் சொல்வார்கள், தடுமாறும்போது இதில் எது என்று முதலில் பார் என்று. எரிச்சல் வந்தால் தத்துவம் யோசிப்பதற்கு முன்னால் வயிற்றைத் தடவிப் பார்ப்பது நல்லது. உங்கள் குழம்புச் சண்டை நடந்தபோது மணி என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆசை அலை மாதிரி வரும், ஏறும், தானாக இறங்கும். பெரும்பாலும் கால் மணி, அரை மணி நேரத்துக்கு மேல் உச்சத்தில் நிற்காது. அந்த அரை மணி நேரத்தை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம், கடக்க வேண்டும், அவ்வளவுதான். யாருக்காவது போன் போடுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு நடங்கள், குளியுங்கள், பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் உட்காருங்கள். நான் ஒரு வருஷம் முழுக்க பட்டறையிலிருந்து கடை இல்லாத வழியாக இரண்டு கிலோமீட்டர் சுற்றித்தான் வீட்டுக்கு வந்தேன். இரவு பத்து மணிக்குக் கடை மூடியதும் மனசு யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி அடங்கிவிடும், அதைக் கவனித்தபோதுதான் இந்த ஆசை நான் இல்லை, ஒரு பழக்கம், அதற்குக் கடிகாரம்கூட இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

தூக்கம். சாராயம் சீக்கிரம் உறங்க வைக்கும், ஆனால் கனவுத் தூக்கத்தை அமுக்கிவிடும், நிறுத்தியதும் அந்தக் கனவுகள் வட்டியோடு வரும். குடிப்பது போலவே கனவு வரும். நான் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்திருக்கிறேன், நிஜமாகவே குடித்துவிட்டேனோ என்று. இந்தக் கனவு கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், அதற்கு அர்த்தம் தேடாதீர்கள், குற்ற உணர்ச்சியும் வேண்டாம். தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள், மாலை நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். குடியை விட்டவர்கள் ஒரு நாளைக்கு எட்டு டீ குடித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை என்று சொல்வதை நான் தினமும் கேட்கிறேன். ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன்: மெடிக்கல் ஷாப்பில் தெரிந்த பையன் தருகிறான் என்று தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் சாராயம் தட்டுகிற அதே காபா கதவைத்தான் தட்டுகின்றன. வாசல் மாறும், வீடு அதேதான். குடியை விட்டு மாத்திரைக்கு அடிமையானவர்களை வெளியே கொண்டுவருவது இன்னும் கஷ்டம். தூக்கத்துக்கு மருந்து தேவை என்றால் உங்கள் பழைய கதை முழுவதும் தெரிந்த மருத்துவர்தான் எழுத வேண்டும். ஹான்ஸ், பான்பராக், சிகரெட் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள், இனிப்பு கூடினால் பரவாயில்லை, முதல் சில மாதம் மன்னித்துவிடலாம், சர்க்கரை நோய் இல்லாத வரை.

எதிலும் சுவை இல்லை, சப்பென்று இருக்கிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் டோபமைன் கணக்கு, ஆசையையும் சுவையையும் தூண்டுகிற மூளை ரசாயனம் அது. நாள்தோறும் சாராயம் கொடுத்த பெரிய தூண்டலுக்குப் பழகிய மூளைக்கு ஒரு நல்ல காபியோ பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வதோ கேட்கவே கேட்காத சின்னச் சத்தம். காது பழையபடி திறக்க மாதங்கள் ஆகும். இந்த வெறுமை தாங்காமல் நிறையப் பேர் பெரிதாக எதையாவது ஆரம்பிப்பார்கள், கடன் வாங்கித் தொழில், வீட்டை இடித்துக் கட்டுவது, ஊரில் உள்ள குடிகாரர்களை எல்லாம் திருத்தக் கிளம்புவது. (நான் மூன்றாவது ரகம். மூன்றாம் மாதமே மைத்துனனுக்குப் புத்தி சொல்லப் போய், அவன் ஊற்றிக் கொடுத்த கிளாஸை அரை நிமிஷம் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.) முதல் வருஷம் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். வேலையை விடுவது, சொத்தை விற்பது, மனைவியைப் பிரிவது, எல்லாம் அடுத்த வருஷம் யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று கேட்கிறேன், வார்டுக்கு முன்னால் எத்தனை தடவை மாலை போட்டு நிறுத்தியிருக்கிறீர்கள்? நம்மூரில் இது சாதாரணம். சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொட மாட்டார், மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று இரவே குவார்ட்டர். மனவுறுதி இல்லை என்று அவரைச் சொல்ல முடியாது, 41 நாள் இருந்து காட்டியிருக்கிறாரே. அந்த நாட்களில் அவருக்கு விரதம் இருந்தது, விடியற்காலைக் குளியல் இருந்தது, சாயங்காலம் பஜனை இருந்தது, "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிட ஆட்கள் இருந்தார்கள், ஆக சாயங்காலம் காலியாக இல்லை. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. நீங்கள் இப்போது வெறும் விரதத்தை மட்டும் வைத்துக்கொண்டு பஜனை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. ஏஏ கூட்டம் பலருக்கு அந்த இடத்தை நிரப்புகிறது. கட்டணம் கிடையாது, பெயரைச் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கியது, இன்று நம்மூர்ச் சர்ச் வளாகங்களிலும் பள்ளிக்கூட அறைகளிலும் தமிழிலேயே நடக்கிறது. எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன், முதல் கூட்டத்தில் எனக்கே பிடிக்கவில்லை, நாலாவது கூட்டத்தில் ஒருவர் என் கதையை அவர் கதையாகச் சொன்னார். அது ஒத்துவராவிட்டால் கைப்பந்து, காலையில் நடைப் பயிற்சிக் குழு, கோயில் உழவாரப் பணி, எதுவும் சரி. மனிதர்கள் இருக்க வேண்டும், சாயங்காலம் இருக்க வேண்டும்.

இப்போது மருத்துவரிடம் போகவேண்டிய விஷயம். குடியை விட்ட முதல் மூன்று நாலு வாரத்தில் வரும் மனச்சோர்வு பெரும்பாலும் சாராயத்தின் எச்சம், தானாக இறங்கும். உங்களுக்குப் பத்து வாரம் தாண்டிவிட்டது. இன்னும் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் இல்லை என்றால் அது தனியாக நிற்கிற மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிலருக்குக் குடிக்கு முன்பே இருந்திருக்கும், அதை அமுக்கத்தான் குடிக்கவே ஆரம்பித்திருப்பார்கள். "முதலில் ஒரு வருஷம் குடிக்காமல் இரு, மனசை அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும், ஒன்றை விட்டால் மற்றது இழுத்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, செலவு இல்லை. சென்னையில் 1980-லேயே தொடங்கிய டிடிகே மருத்துவமனை குடிநோய்க்கென்றே இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தால் வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், ஐந்தாம் நாளே "ஒன்னும் கேக்கல" என்று நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரை மாதிரி இதற்கு அடிமையாக மாட்டீர்கள், ஆனால் நீங்களாக நிறுத்தவும் கூடாது. தைராய்டு, வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அங்கேயும் களைப்பு ஒளிந்திருக்கும். வார்டில் கொடுத்த வைட்டமின் பி1 மாத்திரையைத் தொடரவேண்டுமா என்றும் கேளுங்கள்.

டைசல்ஃபிராம், அதாவது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை, போடுகிறீர்களா என்று எழுதவில்லை. அதைப் போட்டிருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ஆபத்தில் போய் முடியும், நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு இருக்கும். தெரிந்து, சம்மதித்துப் போடுகிறவர்களுக்குத்தான் அது. சாம்பாரில் கலந்து கொடுங்கள் என்று விற்கிற பொடி, சொட்டு மருந்து எதையும் வீட்டார் வாங்க வேண்டாம். ஆசையையே குறைக்கிற நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை இருக்கின்றன, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு மருத்துவர் முடிவு செய்வார்.

"இருந்து என்ன பிரயோசனம்" என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் மறைக்காதீர்கள். குடியை விட்டவர்களுக்கு இது வரும், கணக்குப் பார்க்கிற நேரம் அல்லவா, போன பணம், போன வருஷங்கள், பிள்ளைகள் பார்த்த காட்சிகள் எல்லாம் தெளிந்த கண்ணில் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். அரசின் 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. சென்னையில் 1986-லிருந்து சிநேகா என்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, 044-24640050. அந்த நேரத்தில் தனியாக இருக்காதீர்கள், மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எப்போதாவது சறுக்கிவிட்டால்? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் மனசுக்குள் கேட்பதுதான். ஒரு கட்டிங் குடித்ததில் ஆகிற கேட்டைவிட, "போச்சு, 72 நாளும் போச்சு, இனி என்ன" என்று அன்றிரவே முழுசாக இறங்குவதில்தான் பெரிய கேடு. 72 நாள் உங்கள் மூளையில் நடந்த ரிப்பேர் ஒரு கிளாஸில் அழிந்துவிடாது. அன்றே, மறுநாள் காலைக்குள், ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், மருத்துவரோ, கூட்டத்து நண்பரோ. மறைத்தால் மறைப்பதற்காகவே இன்னொன்று குடிக்க வேண்டிவரும்.

கோபத்துக்கு ஒரே ஒரு காரியம் சொல்லி முடிக்கிறேன். நல்ல நேரம் பார்த்து, காலையில், வயிறு நிறைந்த பிறகு, மனைவியிடம் சொல்லுங்கள்: "ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் எனக்கு உள்ளே ஒரு மாதிரி இருக்கு, உன் மேல கோபம் இல்ல, நான் எந்திரிச்சு வெளிய நடந்துட்டு வந்தா தப்பா நினைக்காத, அரை மணி நேரத்துல வந்துருவேன்." வெளியே போகிறேன் என்றால் அவருக்கு எங்கே என்ற பயம் வரும், அதனால் கூடவே வருகிறாயா என்று கேட்டுப் பாருங்கள், இல்லை பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வாரம் இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை தடவை விழித்தீர்கள், எந்த மணிக்கு எரிச்சல் வந்தது என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் உங்கள் மனைவியையும் கூட அழைத்துப் போங்கள், உங்களைப் பற்றி அவர் சொல்லும் விவரம் நீங்கள் சொல்வதைவிடச் சரியாக இருக்கும்.